மூன்றாவது பத்தியில் இருக்கும் வரி

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு கண்ணாடி அறையிலே, ஒரு மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஊர் கோயம்புத்தூர். அறை அவினாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. சனிக்கிழமை, மணி பதினொன்றேகால். சுழல்நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்திருந்தவன் பெயர் ஆதர்ஷ். வெளிநாட்டுப் பெரிய பிசினஸ் ஸ்கூல்களுக்கு விண்ணப்பம் போடுகிறவர்களின் காகிதங்களைப் படித்துப் பார்த்து, உங்களுக்கு இடம் கிடைக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று சொல்வது அவன் தொழில். எதிரே சுகந்தி, இருபத்தெட்டு வயது, திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்கிற பொது நிலையத்தில் ஆறு வருஷமாக இன்ஜினியர். அவள் பக்கத்தில் அவளுடைய மேலாளர் நாச்சிமுத்து, அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர். கடிதம் கொடுத்தவரையும் கூப்பிட்டு வைத்து அரைமணி நேரம் பேசுவது ஆதர்ஷின் வழக்கம். நாச்சிமுத்துவுக்கும் அன்றைக்கு மோட்டார் காயில் கட்டக் கொடுத்த கடைக்கு வருகிற வேலை இருந்ததால் சரியாகப் போயிற்று, இல்லாவிட்டால் எங்கே வந்திருக்கப் போகிறார். ஆதர்ஷ் படித்துக்கொண்டிருந்தான், காபியில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டே படித்துக்கொண்டிருந்தான், ஒருத்தியின் ஆறு வருஷத்தை ஒரு கையால் புரட்டிக்கொண்டு இன்னொரு கையால் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டிருந்தான், சுகந்திக்கு அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. போன வாரம் போனில் நாற்பத்தைந்து என்றான். மதிப்பெண் பிரமாதம் மேம், பொண்ணு, சின்ன ஊரு, சாயத்தண்ணி, உங்ககிட்ட ஒரு கதை இருக்கு, இதே ஐ.டி. பையனா இருந்தா பதினஞ்சுதான் போட்டிருப்பேன் என்றான். கதையாம். ஆறு வருஷம் நாற்றத்தில் நின்றது இவனுக்குக் கதை. தீபாவளிக்குப் பட்டறைகள் மூடிக்கிடக்கும் நாளில் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்கிற தொட்டிக் கிருமிகள் பட்டினியில் செத்துவிடாமல் இருக்க வெல்லம் கரைத்து ஊற்றினோமே, கையெல்லாம் பிசுபிசுவென்று, எறும்பு மொய்த்து, அதுவும் கதை. போன வருஷம் தனியாகவே விண்ணப்பித்தாள், ஒரு ஸ்கூலும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. இது இரண்டாவது தடவை. செவ்வாய்க்கிழமை கடைசி நாள். மூன்றாவது தடவை போட அவளிடம் மனசு மிச்சமில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் குச்சியைப் பிடுங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

படித்து முடித்தவன் காகிதத்தை மேசையில் தட்டி அடுக்கிவிட்டு நாச்சிமுத்துவைப் பார்த்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, நேராவே சொல்லிடறேன். உங்க லெட்டர் இவங்களைக் கொன்னுடும்" என்றான். நாச்சிமுத்து சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக்கூட்டைத் தொட்டார், எடுக்கவில்லை. "அப்படீங்களா தம்பி? எதைச் சொல்றீங்க?" என்றார். "பதினாறு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஆறு கட்டம். சராசரிக்குக் கீழேன்னு ஆரம்பிச்சு, 'என் அனுபவத்திலேயே இவர்தான் சிறந்தவர்'னு முடியும். எங்கிட்ட வர்ற எல்லா லெட்டர்லயும் டிக் கடைசிக் கட்டத்துலதான் இருக்கும். நீங்க பதிமூணுக்கு மூணாவது கட்டம் போட்டிருக்கீங்க. 'நல்லது'. வெறும் நல்லது! சார், இவங்க மேல உங்களுக்கு ஏதாவது கோவமா?" சுகந்தியின் காது சூடாயிற்று. ஏனென்றால் அந்தப் பதிமூன்று டிக்கையும் போட்டவள் அவள். கடிதத்தை எழுதினவளும் அவள். நம் பக்கத்தில் எந்த மேலாளர்தான் பரிந்துரைக் கடிதத்தைத் தானே எழுதுகிறார், நீயே அடிச்சுட்டு வா அம்மணி, கையெழுத்துப் போட்டுத் தர்றேன் என்றார் நாச்சிமுத்து, அவளும் அடித்துக்கொண்டு போனாள், அவர் லாரி பில்லுக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டே கீழே கையெழுத்துப் போட்டார். ஒரு எழுத்துப் படிக்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று இப்போதுதான் உறைத்தது: கடைசிக் கட்டத்தில் வரிசையாகப் பதினாறு டிக், மேலிருந்து கீழே கோலப்புள்ளி மாதிரி. அவள் அப்படியா உட்கார்ந்தாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும், சார் போட்டால் எதைப் போடுவார், சார் போட்டால் எதைப் போடுவார் என்று யோசித்து யோசித்துப் போட்டாள். ஆறு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து 'பரவால்ல' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை. பரவால்ல என்றால் எந்தக் கட்டம்? மூன்றாவது. அவர் பேரில் எழுதும்போது அவர் சொல்லாததை எழுதினால் பொய்யில்லையா என்று நினைத்தாள், மடச்சி, வெல்லம் கரைத்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை, ஊரே பொய்யெழுதிக்கொண்டு போகிற இடத்தில் தன்னைப் பற்றித் தானே எழுதிய கடிதத்தில் தனக்கே குறைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கோபம் ஆதர்ஷ் மேல் கிளம்பி, நாச்சிமுத்து மேல் தங்கி, சுற்றி வந்து தன் மேலேயே இறங்கியது; இறங்கியது அங்கே நிற்காமல் திரும்ப நாச்சிமுத்துவிடம் போயிற்று. அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லாப் பண்ணுனே என்று சொல்லியிருந்தால் ஒரு கட்டமாவது தள்ளிப் போட்டிருப்பாளே.

நாச்சிமுத்து அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். சொல்லிவிடுவாரோ? நான் எழுதலீங், அந்தப் புள்ளதான் எழுதுச்சு என்று இந்த மனுஷன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், ஆதர்ஷ் சிரிப்பான், அவனுக்குத் தெரியாததா, ஆனால் அதை யாராவது வாய்விட்டுச் சொல்லிக் காதில் விழுந்துவிட்டால் அந்த விண்ணப்பத்தைத் தொடமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறான். அவர் தொண்டையைச் செருமினார். "கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங் தம்பி. நான்தான் எழுதினேன். எனக்கு இந்தக் கட்டத்துக்கெல்லாம் அர்த்தம் தெரியலீங்க. நல்லதுன்னா நல்லதுதானேன்னு போட்டுட்டேன்." சுகந்திக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு எரிச்சலும் வந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் பாருங்கள், நான்தான் எழுதினேன் என்று. இந்த மனுஷனுக்கு நான்தான் என்பது எப்போதும் சுலபமாக வரும். "பரவால்ல சார், இன்னும் அனுப்பலையே, சரி பண்ணிடலாம்" என்று ஆதர்ஷ் உற்சாகமாகி எழுந்துபோய்க் கண்ணாடிச் சுவரில் மார்க்கரால் இருபது என்று எழுதி, அம்புக்குறி போட்டு, அறுபது என்று எழுதினான். "இப்படியே போனா இருபது. டிக் எல்லாத்தையும் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிட்டு, அந்த மூணாவது பத்தியை மட்டும் தூக்கிட்டா அறுபது. அது என்ன சார் மூணாவது பத்தி? 'என் அனுமதி இல்லாமல் முதன்மை வால்வை மூடினார். எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தேன். கேட்டுச் செய்யும் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை.' யாராவது இப்படி எழுதுவாங்களா? குறை சொல்லுங்கன்னு ஒரு கேள்வி இருக்கு, சரி, அதுக்குன்னு ஒரு குறை இருக்கு சார், 'ரொம்ப உழைக்கிறார், ஓய்வெடுக்க மாட்டேங்கிறார்'னு. எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க." அறுபது சிவப்பு மார்க்கரில் பளபளத்தது. தூக்கிவிடலாமே, தூக்கினால் என்ன, ஒரு பத்தி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் யோசிக்காமல் எழுதினது அந்த ஒரு பத்தியைத்தான். மற்றதெல்லாம் சார் எழுதினால் எப்படி எழுதுவார் என்று கற்பனை செய்தது, அது மட்டும் சார் சொன்னதே.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம், விடாத மழை, காலை பதினொரு மணி இருக்கும். மழைத்தண்ணியோடு போகட்டும் என்று எவனோ ஒருவன் பட்டறையில் தேங்கின காரக் கழிவையெல்லாம் மொத்தமாகத் திறந்துவிட்டிருந்தான். உள்ளே வருகிற தண்ணி மைக்கருப்பு, எட்டு ஒன்பதில் நிற்க வேண்டிய பி.எச். பன்னிரண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கால்மணி நேரம் உள்ளே விட்டால் தொட்டியில் வளர்த்த அத்தனை கிருமியும் செத்துப்போகும், மறுபடி வளர்த்தெடுக்க இரண்டு மாதம், அதுவரை ஊர்ச் சாயம் அத்தனையும் ஆற்றில். நாச்சிமுத்து காங்கேயத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். போன் அடித்தாள். அடித்தாள். பதினோரு தடவை அடித்தாள். நாதஸ்வரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லையோ, பந்தியில் இருந்தாரோ. வால்வ்மேன், அக்கா சார் வரட்டுங்க, மூடினா தொண்ணூறு பட்டறையும் நிக்கும், மொதலாளிங்க நம்மளக் கொன்னுருவாங்க என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவள்தான் போய்ச் சக்கரத்தைச் சுற்றினாள், மழையில் வழுக்கி வழுக்கி, சுடிதார் துப்பட்டாவைச் சக்கரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு. மத்தியானம் மூன்று மணிக்குப் பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு வந்து இறங்கினார். என்னையக் கேக்காம வால்வுல கை வெக்க நீ யாரு? இதுதான். ஷிப்ட் மாறுகிற நேரம், இருபது இருபத்தைந்து பேர் நின்றார்கள், டீ கொண்டுவந்த பெண்கூட நின்றது. நீ யாரு? பல் துலக்கும்போது, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரும்போது, இந்த விண்ணப்பத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்ட கட்டத்துக்கு எதிரே, நீ யாரு, நீ யாரு என்று அதே குரல். இனிமேல் யாரையும் கேட்கத் தேவையில்லாத இடத்தில் போய் உட்கார வேண்டும், இந்த மாதிரி நிலையம் ஒன்றை நானே நடத்த வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தாள். விண்ணப்பத்தோடு வைக்கிற கட்டுரையிலும் அதைத்தான் எழுதினாள். கேட்காமல் மூடினேன் என்று.

"அந்த வால்வு விஷயத்தையே நல்லவிதமாத் திருப்பிடலாம் சார்" என்று ஆதர்ஷ் லேப்டாப்பைத் திறந்துகொண்டு சொன்னான். "மேம் கட்டுரையும் அதைப் பத்தித்தான். நீங்க உங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு?" நாச்சிமுத்து முகம் மலர்ந்தது, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "அது பெரிய கூத்துங் தம்பி. என்ற மச்சான் பையனுக்குக் கல்யாணம், காங்கேயத்துல. நான் பந்தியில இருக்கறேன். போன் வருது. எச்சக்கையோட எடுத்தேன். சார், தண்ணி கருப்பா வருதுங்குது இந்த அம்மணி. நான் ரோசனையே பண்ணலீங்க, மூடு அம்மணி, எந்த மொதலாளி கேட்டாலும் நான் பாத்துக்கறேன், நீ மொதல்ல மூடுன்னு சொல்லிப்போட்டேன். இந்தப் புள்ளையும் பாவம், மழைன்னு பாக்காம ஓடிப்போயி மூடிருச்சு. அன்னைக்கு மட்டும் நான் போன எடுக்காம இருந்திருந்தா, அப்பப்பா." சுகந்தி அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமா அது? இல்லை. அதுதான் தாங்கவில்லை. எச்சில் கையோடு எடுத்தாராம், கையின் ஈரம்வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, நடக்காதது அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. முதலில் ஆய்வுக்கு வந்தவர்களிடம் நாங்க உடனே மூடிட்டோம் என்றார், சரி, நாங்க என்றால் அவளும் சேர்த்திதானே என்று விட்டாள். அடுத்த வருஷம் பட்டறைக்காரர்கள் சங்கத்துக் கூட்டத்தில் மூடச் சொல்லிட்டோம் என்றார். யார் யாரைச் சொன்னது என்று அவள் கேட்கவில்லை, வாயில் கொழுக்கட்டை. இப்போது நான் சொன்னேன். ஒரு சம்பவம் மூன்று வருஷத்தில் கைமாறி வீடுமாறிப் பட்டாவும் மாறிப்போய்விட்டது, இவளுக்கு மிச்சம் மழை. நீ யாரு என்று கேட்டீங்களே, அதாவது ஞாபகம் இருக்கிறதா, சந்தனத்தோடு வந்து கத்தினீங்களே, அதையாவது விட்டுவையுங்கள், அதையும் எடுத்துக்கொண்டு போனால் அந்த நாளில் எனக்கென்று என்னதான் இருக்கும்? ஆதர்ஷின் விரல்கள் நின்றுவிட்டிருந்தன. "ஒரு நிமிஷம்" என்றான். "மேம், உங்க கட்டுரைல யாரையும் கேக்காம நீங்களே மூடினதா இருக்கு. சார் தான் சொல்லித்தான் மூடினீங்கன்னு சொல்றார். நேர்காணல்ல சாருக்கு ஒரு போன் போட்டா முடிஞ்சுது. அறுபதும் இல்ல, இருபதும் இல்ல. பொய் சொன்னாங்கன்னு ஆயிட்டா பூஜ்யம்தான்." சொன்னவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இத்தனை நேரம் மேம் மேம் என்றவன், பிக்பாக்கெட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

அவளுக்குக் கத்தத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே தெரியாது, கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். "சார், அந்த மூணாவது பத்தியைப் படிங்க" என்றாள். நாச்சிமுத்து, என்ன அம்மணி என்றார். "லெட்டர் சார். உங்க லெட்டர். மூணாவது பத்தி." கண்ணாடிக்கூட்டைத் திறந்தார், கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், காகிதத்தைத் தூரத்தில் பிடித்தார், உதடு அசைய அசையப் படித்தார். என் அனுமதி இல்லாமல். எல்லோர் முன்னிலையிலும். அவர் உதட்டில் அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வாழ்க்கையில் இதுவரை எந்த உதட்டையும் அப்படிப் பார்த்ததில்லை. படித்துவிட்டு நிமிர்ந்தவர் முகம் சிவந்துபோய், "இத யாரு எழுதினது?" என்றார். ஆதர்ஷ் குழம்பிப்போய், "நீங்கதானே சார்? இப்பத்தானே சொன்னீங்க" என்றான். சுகந்தி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது சொல்லுங்கள் சார், நான்தான் என்பது உங்களுக்குச் சுலபமாக வருமே. 'நான் எழுதவில்லை' என்று சொன்னால் கடிதம் பொய், உங்கள் கையெழுத்தும் பொய். 'நான்தான் எழுதினேன்' என்று சொன்னால் போன் எடுத்த கதை பொய். ஏதாவது ஒன்று. அவர் காகிதத்தின் அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார், நாச்சிமுத்து என்று முழுசாக, கடைசியில் ஒரு கோடு இழுத்து. மறுபடி மேலே போய் அந்த வரியைப் பார்த்தார். "அன்னைக்கு நான் பட்டு வேட்டி கட்டியிருந்தேன்" என்றார் யாரிடமோ சொல்கிற மாதிரி. பிறகு, "கத்திப்போட்டனா அம்மணி?" என்றார். "கத்தினீங்க சார்." "எல்லார் முன்னாடியுமா?" "டீக்காரப் பொண்ணுகூட இருந்துச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் தம்பி எழுதினேன்" என்றார் ஆதர்ஷிடம். "வயசாச்சு, வாய்ல என்னத்தையோ சொல்லிட்டேன். எழுதினதுதான் சரி. அது கேக்காமத்தான் மூடுச்சு."

ஆதர்ஷுக்குப் பெருமூச்சு. சரி, சண்டை தீர்ந்தது என்கிற மாதிரி மறுபடி மார்க்கரை எடுத்தான். "அப்ப அந்தப் பத்தி இருக்கட்டும். கொஞ்சம் மெருகேத்தி வெச்சுக்கலாம். டிக் எல்லாம் கடைசிக் கட்டத்துக்கு நான் மாத்திடறேன். பாஸ்வேர்ட் சொல்லுங்க சார், ஸ்கூல்லேர்ந்து ஃபாரத்துக்கான லிங்க் உங்க மெயிலுக்குத்தானே வந்திருக்கும்?" நாச்சிமுத்து உடனே அவளைக் கைகாட்டினார். "அது அம்மணிக்குத்தான் தெரியும். என்ற மெயிலெல்லாம் அதுதானே பாக்குது. நீயே எல்லாத்தையும் கடேசில போட்டு அனுப்பிடு அம்மணி, உனக்கு எப்படி வேணுமோ அப்படி." எப்படி வேணுமோ அப்படியாம். இவ்வளவுக்குப் பிறகும் படிக்காத கையெழுத்துத்தான். சற்று முன்னால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவர் திணறியபோது உள்ளே எங்கோ ஒரு இடம் இளகியிருந்தது, அது மறுபடி கட்டியாக இறுகியது. "இல்லீங் சார்" என்றாள். "நீங்க உக்காந்து போடுங்க. பதினாறுக்கும் நீங்களே போடுங்க. மூணாவதுன்னா மூணாவது, மொதலாவதுன்னா மொதலாவது. மூணாவது பத்தியில இருக்கற அந்த வரியை மட்டும் தொடாதீங்க, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்." ஆதர்ஷ் பதறிவிட்டான். "மேம், என்ன பண்றீங்க? கண்ணைக் கட்டிக்கிட்டு ரோடு கிராஸ் பண்றீங்க!" "அவர் என்ன எழுதினார்னு பாக்கிற உரிமையை விட்டுக்கொடுக்கறேன்னு ஃபாரத்துல முதல் பக்கத்துலயே டிக் பண்ணச் சொன்னீங்களே" என்றாள் சுகந்தி. "பண்ணியிருக்கேன். நான் வெளிய நிக்கறேன்." "அதெல்லாம் சும்மா ஒரு இதுக்கு மேம், யாரும் அப்படி..." என்று இழுத்தவன், "சரி, நான் எத்தனைன்னு எழுதட்டும்?" என்று மார்க்கரை ஆட்டினான். "அவர் என்ன போடப்போறார்னு உங்களுக்கும் தெரியாது. தெரியாம எப்படி எழுதுவீங்க?" அவன் இருபதையும் அறுபதையும் அம்பையும் துடைத்தான். துடைத்த இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்காமல், அடுத்த ஆள் காத்திருக்காங்க என்று முனகிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டான்.

அவள் சின்னத்தாளில் கடவுச்சொல்லை எழுதி அவர் முன்னால் வைத்து, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு நடையில் போய் நின்றாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது: ஒற்றை விரலால் தட்டுகிறார், நிறுத்துகிறார், மேலே பார்க்கிறார், கையெழுத்துப் போடும்போது பார்ப்பாரே அந்த மேலே இல்லை, விட்டத்தில் எதையோ தேடுகிற மேலே. ஒவ்வொரு கட்டத்துக்கும் அவ்வளவு நேரம். ஏன் இவ்வளவு நேரம்? கடைசிக் கட்டத்தில் போடுகிறாரா, மூன்றாவதுக்கும் கீழே போடுகிறாரா? இரண்டடி எடுத்துவைத்தால் திரையைப் பார்த்துவிடலாம். நான் இழுத்துக்கொண்ட வினை, அறுபது கையில் இருந்தது, சிவப்பு மார்க்கரில் இருந்தது, போச்சு. போகட்டும். ஆறு வருஷமாக அந்த மனுஷன் தன்னைப் பற்றி யோசித்த மொத்த நேரத்தைவிட இந்த இருபது நிமிஷம் அதிகம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, இந்த இருபது நிமிஷத்துக்கு இத்தனை தூரம் வரவேண்டியிருந்ததே என்று. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கதவு திறந்தது. "அனுப்பிட்டேன் அம்மணி" என்றார் நாச்சிமுத்து. என்ன போட்டார் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "வண்டி கீழ நிக்குது. வர்றியா, போலாம்?" "நான் பஸ்ல வந்துக்கறேன் சார். அந்தப் பாஸ்வேர்டை மாத்திக்குங்க." "எதுக்கு?" "எனக்குத் தெரியுமே. நான் திறந்து பாத்துட்டா?" அவர் போனைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "எனக்கு மாத்தத் தெரியாதே அம்மணி. நீயே..." என்று அவளிடம் நீட்டினவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம் போய், "ஏனுங் கண்ணு, இந்தப் பாஸ்வேர்ட் மாத்தறது எப்படீங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார், யாரும் பார்க்காமல் இன்னொரு கையால் மறைத்துக்கொண்டு தட்டினார். முடித்துவிட்டு அவள் பக்கம் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டுக்குப் போனார், லிஃப்ட் கீழே இறங்கிற்று. சுகந்தி மூன்று மாடியையும் படியிலேயே இறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துபோய்விட்டாள்.